பிளாஸ்டிக் பொம்மை சேர்க்கும் பையனும், பரணில் கிடக்கும் உடைசல் மூட்டையும்

திருவாரூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வயது மகன் சின்னக் கார்களும் கார்ட்டூன் உருவங்களும் சேர்க்கிறான், அலமாரி நிறைந்துவிட்டது. பள்ளியில் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிப் பேசிய நாளிலிருந்து அவனுக்கே உறுத்தல். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமாம்மா?" என்கிறானாம். சேர்ப்பதை நிறுத்தச் சொல்வதா, அவன் போக்கில் விடுவதா என்பது முதல் கேள்வி. பரணில் ஒரு சாக்கு நிறைய உடைந்த பொம்மைகள் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்பது இரண்டாவது.

தம்பியிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: எதையும் தூக்கிப் போட வேண்டாம். அலமாரியில் நிற்கும் கார் ஆற்றையும் வயலையும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பொம்மை செய்யப்படும்போது ஒரு கெடுதல் நடக்கிறது, அது நடந்து முடிந்துவிட்டது. வீசப்படும்போது இன்னொன்று நடக்கும், அந்த நாளை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடலாம். பத்திரமாகச் சேர்த்து வைப்பவன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். கவலைப்பட வேண்டியது அடுத்து வாங்கப் போகும் பொம்மையைப் பற்றி. அப்புறம் அந்தச் சாக்கு மூட்டையைப் பற்றி.

நான் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் பல வருஷம் இருந்தவன். இப்போது குடமுருட்டிக் கரையில் குடியிருக்கிறேன். அச்சிலிருந்து பொம்மை வெளியே விழுவதையும் பார்த்திருக்கிறேன், வாய்க்கால் மதகில் வந்து அடைத்துக்கொள்வதையும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேர்த் திருவிழாக் கடையில் விற்கும் கார் ஒன்று, பின்னால் இழுத்து விட்டால் ஓடுமே, அதை ஸ்க்ரூ டிரைவரால் பிரித்துப் பாருங்கள். மேல்கூடு பெரும்பாலும் பாலிஸ்டைரின். ஒருமுறை கீழே விழுந்ததும் சடக்கென்று விரிசல் விடுவது அதனால்தான். கொஞ்சம் விலை கூடிய வண்டி என்றால் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருக்கும். அடித்தட்டு பாலிப்ரொப்பிலீன். டயர் மெத்தென்று இருந்தால் பிவிசி. உள்ளே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு டப்பா, அதற்குள் ஒரு சுருள்வில், வெள்ளை வெள்ளையாகப் பல்சக்கரங்கள், அவை வேறொரு வகைப் பிளாஸ்டிக். சக்கரங்களைக் கோக்கும் இரும்பு அச்சு. வெள்ளியாய் மின்னும் பம்பர் உலோகமே இல்லை, பிளாஸ்டிக்கின் மேல் ஏற்றிய மெல்லிய அலுமினியப் பூச்சு. ஸ்டிக்கர் தனி வகை, பெயின்ட் தனி வகை.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானுக்குள் இத்தனை இருக்கின்றன. பிரித்தெடுக்க கால் மணி நேரம் ஆகும், பிரித்த பிளாஸ்டிக்கை விற்றால் சில பைசா தேறும். பழைய இரும்புக் கடைக்காரர் உடைந்த குடத்தையும் நாற்காலியையும் எடை போட்டுக்கொண்டு பொம்மையை மட்டும் ஒதுக்கித் தள்ளுவது ஏன் என்று இப்போது புரியும். அவர்மேல் தப்பில்லை. குடம் முழுக்க ஒரே பொருள், உருக்கி மறுபடி வார்க்கலாம். பொம்மையை அப்படி உருக்கினால் ஒன்றோடொன்று சேராத கலவைதான் கிடைக்கும், அதில் எதையும் உறுதியாக வார்க்க முடியாது.

சட்டமும் பொம்மையைக் கண்டுகொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. 2022 ஜூலை முதல் மத்திய அரசும் ஒரு பட்டியலைத் தடை செய்தது, அதில் பலூன் குச்சி வந்தது, பொம்மை வரவில்லை. உற்பத்தியாளரே தன் கழிவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விதி பிளாஸ்டிக்கில் பொதி உறைகளுக்குத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆக, பொம்மை வந்த கவருக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், உள்ளே இருந்த பொம்மைக்கு யாரும் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளில் மின்சார ரயில், கார் பந்தய செட் மாதிரியான மின் பொம்மைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மற்றதெல்லாம் நம் தலையில்தான். இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குடம் விற்பவனைவிடப் பொம்மை விற்பவனுக்குத்தான் இந்தப் பொறுப்பு அதிகம், ஏனென்றால் அவன் விற்பதைத்தான் உடைந்த பிறகு யாரும் எடைக்கு வாங்குவதில்லை. 2014இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வருமானத்தோடு ஒப்பிட்டால் நுகர்பொருள் தொழில்களிலேயே மிக அதிகமாகப் பிளாஸ்டிக்கைச் செலவிடுவது பொம்மைத் தொழில்தான் என்று கணக்கிட்டது. 10 லட்சம் டாலர் வருமானத்துக்குச் சுமார் 40 டன்.

சரி, வீசப்பட்ட பொம்மை நம் பக்கத்தில் எங்கே போகிறது? டெல்டாவில் இதற்குத் தனிக் கதை இருக்கிறது.

ஒரு வாளித் தண்ணீரில் பொம்மைத் துண்டுகளைப் போட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். பாலிஸ்டைரின், ஏபிஎஸ், பிவிசி மூன்றும் முங்கிவிடும். தண்ணீரைவிட அவை கனமானவை, அவ்வளவுதான் காரணம். வாளியில் நடப்பதேதான் ஓடம்போக்கியிலும் வெட்டாற்றிலும் நடக்கிறது. ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, முதல் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும்போது அது நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும். கோடையெல்லாம் வறண்ட வாய்க்காலில் கொட்டியதை அந்தத் தண்ணீர்தான் கூட்டி எடுத்து வருகிறது. மிதப்பவை மதகின் சட்ரஸ் பலகையில் முட்டி நிற்கும், ஆகாயத்தாமரைப் படுகையில் சிக்கிக்கொள்ளும், தப்பியவை நாகூர்ப் பக்கம் கடலில் போய்ச் சேரும். முங்குபவை எங்கேயும் போவதில்லை. வண்டலுக்குள் இறங்கி அங்கேயே கிடக்கும். அடுத்த வருஷம் தூர் வாரும்போது இயந்திரம் அள்ளிக் கரையில் போடும். மழை பெய்தால் பாதி மறுபடி உள்ளே சரியும். மீதி வெயிலில் காய்ந்து, வெளுத்து, தொட்டாலே பொடியும் பதத்துக்கு வந்துவிடும்.

அந்தப் பொடிதான் எனக்குப் பயம். முழுப் பொம்மையைக் கையால் பொறுக்கிவிடலாம். நெல் வயலுக்குள் பாய்ந்த பிறகு நுணுக்குத் துகளை யாராலும் பொறுக்க முடியாது. கடைமடையில் இருப்பவர்களுக்கு நம் எல்லாருடைய குப்பையும் சேர்ந்துதான் போகிறது. தண்ணீர் கடைசியாக வரும் ஊருக்குக் குப்பை மட்டும் முழுதாக வந்து சேருவது எவ்வளவு பெரிய அநியாயம். கடலுக்குப் போனதும் தொலைந்ததாகிவிடாது. தை, மாசியில் நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. திருவிழா பலூனின் ரப்பர்த் துண்டும் அதன் நூலும் அவை தின்னவும் சிக்கவும் கூடியவை.

கடலில் பொம்மை எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் உலகம் முழுக்கச் சொல்லப்படுபவை. 1992 ஜனவரியில் பசிபிக் கடலில் ஒரு கப்பலிலிருந்து கன்டெய்னர் விழுந்து, மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு பீவர் என்று 28,800 குளியல் பொம்மைகள் மிதந்து போயின. கர்ட்டிஸ் எப்ஸ்மையர் என்ற கடலியலாளர் அவை எந்தக் கரையில் எப்போது ஒதுங்குகின்றன என்று பதிவு செய்தே கடல் நீரோட்டங்களை ஆராய்ந்தார். 1997 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பலிலிருந்து 62 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 48 லட்சம் லெகோ துண்டுகள், ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள். இன்றும் அங்கே கரை ஒதுங்குகின்றன. அந்தப் பகுதிக் கடற்கரையில் பொறுக்கிய பழைய லெகோ கட்டைகளை பிளைமவுத் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து, ஒரு கட்டை கடலில் 100 முதல் 1,300 ஆண்டு வரை தாங்கும் என்று 2020இல் மதிப்பிட்டார்கள்.

இப்போது உங்கள் சாக்கு மூட்டை. முதல் வேண்டுகோள், தயவுசெய்து கொளுத்தாதீர்கள். கொல்லையில் சருகோடு சேர்த்து ஒரு தீக்குச்சி கிழிப்பது நம் பக்கத்தில் ரொம்ப சகஜம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வரும், அந்தக் குறைந்த வெப்பத்தில் டயாக்சின் என்ற கொடிய நச்சுகளும் உருவாகும். டயாக்சின் சாம்பலிலும் மண்ணிலும் தங்கும். அந்தக் கொல்லையில் மேயும் கோழியின் முட்டைக்கும் மாட்டின் பாலுக்கும் ஏறும். ஏபிஎஸ் எரிந்தால் வரும் புகையில் ஸ்டைரின், ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சுகள் இருக்கும். குழந்தைக்கு ஆஸ்துமா உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி எரிவதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன், நீங்களும் இருக்காதீர்கள்.

மூட்டையைத் திண்ணையில் கொட்டி, தம்பியையும் உட்கார வைத்துப் பிரியுங்கள். பேட்டரி இருப்பவற்றை முதலில் எடுங்கள். பட்டன் பேட்டரியைக் கழற்றியதும் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் மூடி வையுங்கள், சின்னக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதையும் மின் பொம்மைகளையும் மின்கழிவு சேகரிக்கும் நாளில் நகராட்சியிடம் கொடுங்கள். அடுத்து, இன்னும் விளையாடக் கூடியவை. சக்கரம் மட்டும் போன கார், கை மட்டும் கழன்ற உருவம், இவற்றையெல்லாம் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் பொருத்தலாம். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு இதைவிட நல்ல விடுமுறை வேலை கிடையாது. தேறியதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எதையும் வாயில் வைக்கும் வயசுக் குழந்தைக்குப் பழைய பிளாஸ்டிக் பொம்மை கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் வீடுகளிலும் மழலையர் பள்ளிகளிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடைத்த 200 பழைய பொம்மைகளைச் சோதித்த ஆய்வு 2018இல் வந்தது. சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பிளாஸ்டிக்குகளில் காட்மியம், ஈயம் போன்றவை அடிக்கடி இருந்தன. 2021இல் வந்த இன்னொரு ஆய்வு, பொம்மைப் பிளாஸ்டிக்கில் பதிவாகியிருந்த 419 வேதிப்பொருட்களில் 126ஐக் குழந்தைகளின் உடல்நலத்துக்குக் கவலை தரக்கூடியவை என்று அடையாளம் காட்டியது. அவற்றில் 31 பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்ப்பவை.

மெத்தென்று ஆக்குவது என்றால் என்ன என்று தம்பிக்குக் காட்ட அவன் ஜாமெட்ரி பாக்ஸ் போதும். அழிரப்பரை பிளாஸ்டிக் ஸ்கேல்மேல் வைத்துச் சில மாதம் மறந்துவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் குழி விழுந்திருக்குமே. ரப்பர் என்று நாம் சொல்லும் அது பெரும்பாலும் பிவிசி. அதில் ஊறவைத்த தாலேட் போன்ற எண்ணெய்கள் மெல்ல வெளியேறி ஸ்கேலை இளக்கிவிடுகின்றன. பழைய பொம்மை பிசுபிசுக்கிறது என்றால் அதே எண்ணெய்தான் கசிகிறது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட நான்கு தாலேட்டுகள் எந்தப் பொம்மையிலும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது. புதிதாக வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடுங்கள். வேளாங்கண்ணியிலும் நாகூர்க் கந்தூரியிலும் மன்னார்குடிப் பங்குனித் திருவிழாவிலும் தரையில் பரப்பி விற்பதில் அது இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்தக் கடைக்காரரின் பிழைப்பு எனக்கும் முக்கியம்தான், அவரிடம் பனையோலைக் கிலுகிலுப்பையும் மரச் செப்பும் இருந்தால் அதை வாங்குங்கள்.

தேறாத உடைசலுக்கு அந்த வாளிச் சோதனைதான். திருகாணி, அச்சு, சுருள்வில் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக வையுங்கள், இரும்புக் கடையில் போகும். ஹாட் வீல்ஸ் போன்ற கார்களின் மேல்கூடு துத்தநாகக் கலவை, அதையும் எடுத்துக்கொள்வார்கள். மிதக்கும் பிளாஸ்டிக்கைச் சுத்தமாகத் தனியே கொடுத்தால் குடத்தோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். முங்குவதை உலர் குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள், சோறோடும் சாம்பலோடும் கலக்காதீர்கள். மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக்கை சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாகப் போடுகிறார்கள். அரியலூர், டால்மியாபுரம் ஆலைகள் நமக்குத் தூரமில்லை. சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் இருப்பதால் கொல்லை நெருப்பின் கெடுதல் அங்கே வராது. ஆனாலும் பிவிசியை அவர்கள் விரும்புவதில்லை, அதிலுள்ள குளோரின் சூளையைக் கெடுக்கும். மெத்தென்ற டயரையும் வளைகிற உருவத்தையும் தனிக் கவரில் போட்டு, என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

இனி சேர்ப்பது பற்றி. சேர்ப்பது நமக்குப் புதிது இல்லை. கொலு வைக்கும் வீடுகளைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்குவார்கள், நவராத்திரி முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுவார்கள், பாட்டி வாங்கிய தசாவதார செட் பேத்தி வீட்டுப் படியில் நிற்கும். மூக்கு உடைந்தால் மண்ணப்பி வர்ணம் பூசுவார்கள். மண்ணா பிளாஸ்டிக்கா என்பதைவிட, வருஷத்துக்கு எத்தனை வாங்குகிறோம், எத்தனை வருஷம் வைத்திருக்கிறோம் என்பதுதான் கணக்கு. தம்பியின் கார்களுக்கும் அதே கணக்குதான்.

இந்த அளவுகோலில் லெகோ பரவாயில்லை என்பேன். 1958இல் வந்த கட்டையோடு இன்று வாங்கும் கட்டை பொருந்தும். 1963 முதல் ஏபிஎஸ்ஸில் செய்கிறார்கள், அண்ணன் விளையாடியது தம்பிக்கும் அவன் பிள்ளைக்கும் வரும். பழைய குடிநீர் பாட்டிலை மறுசுழற்சி செய்து கட்டை வார்க்கும் முயற்சியை அந்த நிறுவனம் 2023இல் கைவிட்டது. அதற்குத் தேவையான புது இயந்திரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் கரியமில வாயு கூடுதலாக வெளிவரும் என்றார்கள். மறுசுழற்சி என்ற சொல்லைப் பெட்டியில் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது, உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வைக்கும் மூடிய பெட்டி. லபூபூ என்ற பொம்மை மேல் வந்த மோகத்துக்குப் பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளும் ஆன்லைனில் கேட்கிறார்கள். சாக்லேட் முட்டையோடு வரும் இனாம் பொம்மையும் இதே வகைதான். ஒரு கணக்கு சொல்கிறேன், தம்பியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12 உருவங்கள் கொண்ட ஒரு செட், ஒவ்வொன்றும் சம வாய்ப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியாக வாங்கி 12ஐயும் சேர்க்கச் சராசரியாக 37 பெட்டி வாங்க வேண்டிவரும். 25 உருவங்கள் இரட்டிப்பு. அவற்றை அவன் விரும்பி வாங்கவில்லை, அவைதான் ஒரு வருஷத்தில் உங்கள் பரண் மூட்டைக்கு வரும். குழந்தையின் ஆசையை வைத்து இப்படி விற்பது எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

அதனால் அவனோடு உட்கார்ந்து சில ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். எதைச் சேர்க்கிறான் என்று அவனே வரையறுக்கட்டும்: பேருந்து மட்டும், அல்லது ஒரு காலத்து கார் மட்டும். வரையறை வந்ததுமே கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது நின்றுவிடும். மூடிய பெட்டி வேண்டாம். இரட்டிப்பாக இருப்பதை வகுப்பு நண்பர்களோடு மாற்றிக்கொள்ளட்டும், புதிது வாங்குமுன் யாரிடமாவது பழையது கிடைக்குமா என்று கேட்கட்டும். பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் சாமான் கொடுக்கும் பழக்கத்தை நீங்கள் நிறுத்துங்கள், அது பெரியவர்கள் செய்வது.

இருப்பதைக் கெடாமல் காப்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். அலமாரியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள், வெயிலில் ஏபிஎஸ் மஞ்சளாகி நொறுங்கும். வளைகிற பிவிசி உருவங்களைக் கெட்டிப் பிளாஸ்டிக் கார்களோடு ஒட்டி நிற்க விடாதீர்கள், ஸ்கேலுக்கு நேர்ந்ததே காருக்கும் நேரும். அவற்றைக் காற்றுப் புகாத கவரில் அடைக்கவும் வேண்டாம், கசியும் எண்ணெய் மேலேயே தேங்கிப் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரும்பு அச்சு துருப்பிடிக்கும், மழைக்கு முன்னால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தால் போதும்.